டார்ச் வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்?

கேள்வி: அண்ணாச்சி, தென்காசி மாவட்டம் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. வாழையும் கடலையும் போட்டிருக்கிறோம். அப்பா காலமான பிறகு அவருடைய பன்னிரண்டு போர் (12 bore, குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கான உரிமத்தை என் பேருக்கு வாங்கியிருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த உரிமம்தான், ஆனால் நான் இதுவரை சுட்டதே இல்லை. ராத்திரியில் பன்றிக் கூட்டம் வந்து வாழைக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. மச்சான் (மனைவியின் அண்ணன்), "நாலைந்து பேர் ஹெட்லைட் கட்டிக்கொண்டு போவோம், ஒன்றிரண்டு விழுந்தால் அப்புறம் இந்தப் பக்கமே வராது" என்கிறார். சித்தப்பாவோ, "சுடவெல்லாம் வேண்டாம், வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடு, ஓடிப்போகும்" என்கிறார். வீட்டில் இரண்டு பையன்கள் இருப்பதால் மனைவிக்கு அந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலே பயம். நான் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அப்பா வைத்திருந்த தோட்டாக்கள் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன, அவை ஆகுமா?

பதில் (ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்றுநர்):

தம்பி, முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த ராத்திரி வேட்டைக்குப் போகாதீர்கள். பயிரைக் காக்கக் கொடுத்த உரிமம் வேட்டையாடக் கொடுத்த அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி, முயல், மிளா (கடமான்), மயில் எதையும் நாமாகச் சுட முடியாது. காட்டுப்பன்றியைச் சுட அரசு அனுமதித்துவிட்டது என்று 2025 தொடக்கத்திலிருந்து ஊரில் பலரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், உங்கள் மச்சானும் அதை நம்பித்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். அந்த அரசாணையில் உள்ளது வேறு: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் விளிம்பு. துரத்திக்கொண்டே எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது, துப்பாக்கியும் உரிமமும் கையை விட்டுப் போய்விடும். சேதத்துக்குப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனவரிடமும் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள், அலைய வைத்தாலும் விடாமல் கேளுங்கள்.

சட்டத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பன்றி என்று நினைத்துச் சுட்டதில் கூடப்போனவர் செத்தார் என்கிற செய்தி நம் மலையடிவாரத்தில் புதிதில்லை, அதில் சுட்டவர் பெரும்பாலும் செத்தவருக்கு மாமன் மச்சானாகவோ பங்காளியாகவோதான் இருப்பார். அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நாலு பேர் தோட்டத்துக்குள் பிரிந்து நிற்கிறார்கள், ஒருவர் கொஞ்சம் குடித்திருக்கிறார், வாழைச் சருகு சரசரக்கிறது, கையில் இருப்பது நிரப்பிய துப்பாக்கி, விரல் ஏற்கனவே டிரிகரில் இருக்கிறது, பன்றி வரும் வரும் என்று ஒரு மணி நேரமாக மனசு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அசைவதெல்லாம் பன்றியாகத்தான் தெரியும். நல்ல மனுஷர், கவனமான மனுஷர் என்பதெல்லாம் அங்கே உதவாது, கண்ணுக்குத் தெரிவதை மனசு முடிவு செய்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ராத்திரிக் காவலுக்குப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாடு, ஆடு, நாய், நரி, மிளா, கரடி இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, அதனால்தான் டார்ச் அடித்தால் கண் பளிச்சென்று மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகவே இரண்டு கண் நன்றாக மின்னினால் அது பன்றி இல்லை, பக்கத்துக்காரர் அவிழ்த்துவிட்ட பசுவாகவோ உங்கள் வீட்டு நாயாகவோ இருக்கும். சரி, மின்னாமல் கருப்பாக, தாழ்வாக ஒன்று அசைந்தால் பன்றிதானே என்று கேட்பீர்கள். அந்தப் படலம் மனிதனுக்கும் கிடையாது. மடை ஓரம் குத்தவைத்து மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிற ஆள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்பில் ஒதுங்கியிருக்கிற பெரியவர், இவர்கள் கண்ணும் டார்ச்சுக்கு மின்னாது, உருவமும் அந்த உயரத்தில்தான் தெரியும். இதைப் பயிற்சியில் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். முழு உடம்பும் தலை முதல் வால் வரை தெளிவாகத் தெரியாதவரை அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சைத் துப்பாக்கியில் கட்டுகிற பழக்கமும் வேண்டாம், எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் துப்பாக்கிக் குழாயை அதன் மேல் நீட்ட வேண்டியதாகிவிடும். டார்ச் தனிக் கையில் இருக்கட்டும்.

கரடியைச் சொன்னேன் இல்லையா, அதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022இல் உங்கள் கடையம் பக்கமே கரடி ஆட்களைத் தாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இருட்டில் பன்றி என்று நினைத்துக் கரடி மேல் ரவையை (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னக் குண்டுகளை) இறைத்தால் அது சாகாது, காயத்தோடு உங்களைத் தேடி வரும், அல்லது விடிந்ததும் அந்தப் பக்கம் புல் அறுக்கப் போகிற யார் மேலாவது பாயும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி, முதலில் எதைக் கற்றுக்கொள்வது. உங்கள் நிலத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, பகலில், காவலுக்கு உட்காரும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு திசையாகத் திரும்பி, இந்தப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு யார் இருப்பார், இரண்டு மணிக்கு யார் இருப்பார் என்று கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். வாழை மறைக்கும், ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் போதாது, மறுபக்கம் வரை போக வேண்டும். பம்புசெட் அறை எங்கே, ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற முறையில் மோட்டார் போட யார் வருவார், எந்த வரப்பு வழியாக வருவார். பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் ஓடுகிற நாளில் மடை திருப்ப யார் வருவார். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் கிடைக்காரர் எங்கே படுத்திருக்கிறார், அவர் கட்டாந்தரையில் துண்டை விரித்துத்தான் படுத்திருப்பார், நின்றுகொண்டிருக்க மாட்டார். கோயில் கொடை நாள்களில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும், அந்த நாள்களில் துப்பாக்கியை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். வனத்துறை ஆட்களின் ரோந்தும் மலையடிவாரத்தில்தான் இருக்கும், அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நடப்பதும் உண்டு.

இப்படிப் பார்த்து முடித்தால் பெரும்பாலான திசைகள் அடைபட்டுப் போகும். ஒரு திசைகூட மிஞ்சவில்லை என்றாலும் ஆச்சரியமில்லை. மிஞ்சவில்லை என்றால் அந்தத் தோட்டம் துப்பாக்கி பேசுகிற இடம் இல்லை, அவ்வளவுதான், நாயையும் தகரத்தையும் விளக்கையும் வைத்துத்தான் காக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் வரை பார்க்க வேண்டும் என்பதில்தான் பழைய ஆட்களே தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு வீச்சு 40 கஜம்தான் என்பார்கள். 35, 40 மீட்டருக்கு மேல் குறி வைத்துப் பலனில்லை என்பது சரி, ரவை அதற்குள் சிதறிவிடும். ஆனால் சிதறின ரவை அங்கேயே நின்றுவிடாது. ஆறாம் நம்பர் போன்ற பொடி ரவையே 200 மீட்டருக்கு மேல் போகும். பெரிய குண்டுகள் போட்ட எல்.ஜி. தோட்டாவின் ஒரு குண்டு 600 மீட்டரைத் தாண்டியும் போய் விழும். உங்கள் மூன்று ஏக்கருக்கு 600 மீட்டர் என்றால் பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம், ரோடு, ஊர்க் கடைசி வீடு எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

சித்தப்பா சொல்கிற வானவெடியும் இதனால்தான் கூடாது. நேர் செங்குத்தாக யாரும் சுடுவதில்லை, பயத்தில் சாய்த்துத்தான் சுடுவார்கள், கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் போகிற குண்டுதான் எல்லாவற்றையும்விடத் தூரம் போகும். அதாவது யாருக்கும் படாதபடி மேலே சுட்டேன் என்கிற வெடிதான் ஊருக்குள் போய் விழக்கூடிய வெடி. அது போக, சத்தத்துக்குப் பன்றி நாலு நாளில் பழகிவிடும், வெறும் சத்தத்தை நம்பி அதைத் தடுக்க முடியாது.

பின்னால் மண் இருந்தால் தாங்கும், பாறை இருந்தால் தாங்காது. நம் பக்கத்துப் பொத்தைகளை (பாறைக் குன்றுகளை) பார்த்து, பின்னால் மலை இருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறது என்று நினைப்பார்கள். பாறையில் பட்ட ரவை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, சுட்டவர் பக்கமே வரலாம். தண்ணீரும் அப்படித்தான், தாழ்ந்த கோணத்தில் போனால் குளத்துத் தண்ணீரில் பட்டுத் தெறித்துக்கொண்டு அக்கரைக்குப் போகும். குளத்துக்கரை நல்ல மண் மேடுதான், ஆனால் ஊர்ப் பாதி அதன் மேல்தான் நடக்கிறது, கரையின் முகட்டைப் பார்த்து நீட்டினால் கொஞ்சம் தூக்கினாலும் அந்தப் பக்கம் இறங்குகிற ஆள்மேல் போகும். பனைமரம் பெரிதாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், ஒரு பனை எத்தனை ரவையைத் தடுக்கும்?

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நாலு விஷயம் எந்த நாட்டிலும் எந்தத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான், பயிற்சியில் முதல் மணி நேரத்தில் இதைத்தான் சொல்கிறேன்: எல்லாத் துப்பாக்கியும் நிரப்பியிருக்கிறது என்றே நினை, சாகடிக்க விரும்பாத எதன் மேலும் துப்பாக்கி வாயை நீட்டாதே, சுட முடிவு செய்யும்வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும், குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள்ளாமல் சுடாதே. நாலாவதை மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன். முதலாவதை வாயால் சொல்லிவிட்டுக் கையால் மறக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இப்படிச் செய்யுங்கள்: யார் கையிலிருந்து வாங்கினாலும், சுவரோரத்திலிருந்து எடுத்தாலும், வாய் தரையைப் பார்க்க, நெம்புகோலைத் தள்ளி மடக்கித் திறந்து, தோட்டா போடுகிற இரண்டு அறையிலும் கண்ணால் பார்த்து, சந்தேகமிருந்தால் விரலை விட்டுத் தடவி, காலி என்று உறுதி செய்யுங்கள். அப்பா கையால் கொடுத்திருந்தாலும் திறந்து பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

திறந்தபடியே குழாயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து இரண்டையும் ஒரு முறை ஊடுருவிப் பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் சுவரில் மாட்டிய துப்பாக்கிக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவது சர்வ சாதாரணம். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுகிறோம், வாரக்கணக்கில் அங்கே கிடந்து திரும்பி வருகிறது, அப்போதும் பாருங்கள். நகம் அளவு மண் அடைத்திருந்தாலும் சுடும்போது அங்கே குழாய் உப்பி வெடிக்கும், இடது கை விரல்கள் இருக்கிற இடமாகவே அது இருக்கலாம். வயலில் கால் வழுக்கி வாய் சேற்றில் குத்திவிட்டாலும் இதே கதிதான், துடைத்தால் போதாது, திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குச்சியை விட்டுச் சுத்தம் செய்து, பார்த்த பிறகுதான்.

சேஃப்டியை (சுடவிடாமல் தடுக்கிற பூட்டை) தள்ளியிருக்கிறேன், ஆகவே ஒன்றும் ஆகாது என்பது அடுத்த தப்பான நம்பிக்கை. உங்களுடையது போன்ற பல இரட்டைக்குழல்களில் சேஃப்டி டிரிகரை மட்டும்தான் பிடிக்கிறது, உள்ளே இருக்கிற சுத்தியலைப் பிடிப்பதில்லை. தேய்ந்துபோன பழைய துப்பாக்கி கீழே விழுந்தால் சேஃப்டி போட்டிருந்தும் வெடிக்கும். அதனால் வரப்பு தாண்டும்போது, ஓடை இறங்கும்போது, வேலிக்குள் நுழையும்போது தோட்டாவை எடுத்துப் பையில் போடுங்கள், மடக்கித் திறந்தபடி கையில் தொங்கவிட்டு நடங்கள். திறந்திருக்கிற துப்பாக்கியைப் பத்தடி தள்ளி நிற்கிறவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், உங்கள் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. காவல் பரண் மேல் ஏறும்போது துப்பாக்கியோடு ஏறாதீர்கள், காலியாக்கி, வாய் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டிவிட்டு ஏறி, அப்புறம் இழுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் கொண்டுபோனால் உறைக்குள், காலியாக. துணைக்கு வருகிறவர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும், ஒன்றுக்குப் போவதானாலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், திரும்பி வரும்போது குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும். குடித்தவர் துணையாக வேண்டாம்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, கையில் ஏற வேண்டும். 2016 ஆயுத விதிகள் புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கின்றன. உங்களுக்கு அந்தச் சான்று எப்படிக் கிடைத்திருந்தாலும் சரி, சுட்டதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அருகில் உள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்து, பகலில், ரேஞ்சில், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கச் சில நாள் சுட்டுப் பழகுங்கள், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொண்டு. அதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியோடு ராத்திரி தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் மனைவி பயப்படுவது நியாயம், அந்தப் பயத்தைத் தட்டிக் கழிக்காதீர்கள். பீரோ மேல், பரண் மேல், கட்டிலுக்கு அடியில் என்று வைப்பதெல்லாம் ஒளித்து வைப்பதுதான், பூட்டி வைப்பது ஆகாது. பையன்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட வீடு நன்றாகத் தெரியும், சாவி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறு அறையில் வேறு பூட்டில் தோட்டா, இரண்டு சாவியும் உங்களிடம். அதோடு பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது என்ன, என்ன செய்யும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாமல் வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், சிநேகிதன் வீடாக இருந்தாலும் அப்படித்தான். மச்சானும் சும்மா ஒரு நாளைக்குக் கொடு என்று கேட்பார், அவர் பேரில் உரிமம் இல்லை, கொடுத்தால் கொடுத்தவருக்கும் வழக்கு, வாங்கியவருக்கும் வழக்கு. நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் என்மேல் வரட்டும்.

கடைசியாக அந்தத் தகர டப்பா. அதிலிருந்து ஒன்றையும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தில் கிடந்த தோட்டாவில் அட்டை உப்பியிருக்கும், அடிப் பித்தளையில் பச்சை பூத்திருக்கும், வெடிமருந்து பாதி எரிந்து ரவை குழாய் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். எப்போதாவது சத்தம் வழக்கத்தைவிட மங்கலாக வந்தால் உடனே நிறுத்தி, திறந்து, குழாய் முழுக்கத் துலங்குகிறதா என்று பாருங்கள். டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் வாயை அதே பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள், தாமதித்து வெடிக்கிற தோட்டாவும் உண்டு. டப்பாவில் பன்னிரண்டு போரோடு இருபது போர் தோட்டா கலந்து கிடந்தால் அது இன்னும் ஆபத்து, சின்னது வழுக்கி உள்ளே போய்க் குழாயில் சிக்கிக்கொள்ளும், காலி என்று நினைத்து அதன் பின்னால் பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால் முடிந்தது கதை. துப்பாக்கி பழைய சீமைத் துப்பாக்கியாக இருந்தால் அதன் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு வெட்டப்பட்டதாக இருக்கலாம், இப்போது கடையில் கிடைக்கிற இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதில் நுழையும், ஆனால் விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இதை அளந்து சொல்ல வேண்டியவர் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி. துப்பாக்கியையும் உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் அவரிடம் போங்கள், டப்பாவை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம், உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் தோட்டா இருந்தால் அதுவே தனி வழக்காகும். முதலில் எண்ணி, காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.